நாலாம் பாரத்துக்கு மாஜிக் லாந்தர்

1936 ஜனவரி 18, சனி

ஊதக்காற்று. ஏழு மணி பஸ்ஸில் திருமங்கலத்திலிருந்து மதுரை.

வாங்க வேண்டியது: லாந்தருக்குத் திரி. கறுப்புக் காகிதம். இண்டியன் இங்க். ஸ்நோ படம் ஒன்று, எங்காவது கிடைத்தால்.

இங்கிலீஷ் வாத்தியார் நீண்ட லீவில் போனதிலிருந்து நாலாம் பாரத்து இங்கிலீஷ் பாட்டு வகுப்பு என் தலையில். நான் டிராயிங் மாஸ்டர், அதுவும் டெம்பரரி. ஹெட்மாஸ்டர் (இனி ஹெ.மா.) சொன்ன நியாயம்: "நீர் பட்டணத்தில் இன்ஜினீரிங் டிப்ளமோ வாங்கினவர். சமாளிப்பீர்." பாய்லரைப் பற்றிக் கேட்டால் சமாளிப்பேன்.

வகுப்பில் உள்ள சாமான்: மூன்று பையனுக்கு ஒரு புஸ்தகம். கரையான் தின்ற உலகப் படம். அலமாரியில் யாரோ தர்மத்துக்குக் கொடுத்த மாஜிக் லாந்தர், கண்ணாடிப் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டுவது, நாலு வருஷமாகத் திறக்காதது. தகரம் வெட்டிப் புகைக்குழாய் செய்து பொருத்தினேன். இப்போது எரிகிறது. இந்த வருஷம் உருப்படியாகச் செய்த ஒரே வேலை.

இப்போது நடப்பது, ஸ்நோவில் வழி தப்பின ஒருத்தனைப் பற்றிய பாட்டு. பையன்கள் ஸ்நோ பார்த்ததில்லை. நானும்தான்.

பழைய டவுனில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிற பாய் ஒருவர். கேட்டதும் சிரித்தார். "யா அல்லா, ஸ்நோவுக்கு நான் எங்க போக, சிம்லாவுக்கா?" பிறகு பெட்டியைக் கிளறி ஒரு போட்டோ பிளேட் எடுத்தார். "ஜின்னிங் பாக்டரிக்காரருக்குப் புடிச்சது தம்பி. களம் பூரா பருத்தி. வெள்ளையாத்தான வேணும், எம்புட்டு வெள்ளை வேணும் உங்களுக்கு?"

யோசித்தேன். தப்பில்லை என்று பட்டது. லாந்தருக்கு ஏற்ற அளவில் கண்ணாடியிலேயே படம் போட்டுத் தந்தார்.

ஊர் திரும்புமுன் தல்லாகுளம், அண்ணன் வீடு. காபி. "இன்னும் பெர்மனெண்ட் ஆக்கலியா?" வேறு கேள்வி இல்லை. அரை மணியில் கிளம்பினேன். இரு என்று யாரும் சொல்லவில்லை.

19, ஞாயிறு

படத்தில் கூடையோடு பெண்பிள்ளைகள் நாலு பேர். கறுப்புக் காகிதத்தைப் பாறை மாதிரி வெட்டி ஒட்டி மறைத்தேன். ஒரு கூடையின் விளிம்பு மட்டும் மசியவில்லை. மேடு என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்று நான் பேசியது: மெஸ்ஸில் "ரசம்". அவ்வளவே.

21, செவ்வாய்

ஜன்னல் எல்லாம் சாத்தி லாந்தரை ஏற்றினேன். மண்ணெண்ணெய் நாற்றம். சுவரில் வெள்ளைவெளேர்.

எழுதி வைக்க வேண்டிய விஷயம்: வெளிச்சத்தில் இந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் "எஸ் சார்", "நோ சார்" தவிர வாய் கிடையாது. இருட்டினால் போதும், அவிழ்ந்துவிடுகிறார்கள்.

"சார், இது பருத்திக்களம்."

"டேய் மாப்ள, ஒங்க மாமன் களம்டா. கூடை தெரியுது பாரு."

"இது ஸ்நோ," என்றேன்.

"இல்ல சார், பருத்தி. சத்தியமா."

எனக்குப் பொறுமை போதாது. "நான் ஸ்நோ என்றால் ஸ்நோ. எழுதிக்கொள்." மூன்று தடவை சொன்னேன். சரி என்று விட்டார்கள். பிறகு கேள்வி மேல் கேள்வி. அதுக்குள்ள ஆடு என்ன சார் திங்கும்? அவனுக்குப் பொண்டாட்டி புள்ளை உண்டா? சார், ஒங்களுக்கு எந்த ஊரு? கடைசிக் கேள்வி பாட்டில் இல்லை. பதில் சொன்னேன். மணி அடித்தது தெரியவில்லை.

23, வியாழன்

வாத்தியார்கள் அறையில் மூன்று பேர் கேரியரைப் பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. போன மாசம் கணக்கு வாத்தியாரிடம், நீங்கள் போர்டில் போடுகிற வட்டம் வட்டமாக இல்லை என்றேன். இல்லைதானே.

செவ்வாயும் வெள்ளியும்தான் பாட்டு வகுப்பு. மற்ற நாள் சும்மா போகிறது.

ஹெ.மா. கூப்பிட்டுச் சொன்னார்: 30ஆம் தேதி ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருகிறார். லாந்தர் வகுப்பைக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் லாந்தரும் நிற்கும், நானும் நிற்பேன்.

30, வியாழன்

நடந்தது.

ஜன்னல் சாத்தியும் ஒருவன் மூச்சுவிடவில்லை. முன்வரிசையில் இன்ஸ்பெக்டர், அவர் பக்கத்தில் ஹெ.மா. படம் நன்றாகவே விழுந்தது. இன்ஸ்பெக்டர் முத்துக்கருப்பனை எழுப்பினார். பேரையூர்ப் பக்கம், கெட்டிக்காரன். ஸ்நோ விழுந்தால் இங்கிலாந்தில் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

அவனும் சுத்தமான இங்கிலீஷில் சொன்னான்: பொம்பளைகள் கூடையில் பொறுக்குவார்கள். வெயில் ஏறுமுன். மாசி மாசத்தில்.

"பிறகு?"

"கொட்டை எடுத்து, பொதி கட்டுவார்கள், சார்."

ஜன்னலைத் திறக்கச் சொன்னார். படக் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் ஒட்டின காகிதத்தை நகத்தால் கீறினார். ஒரு பெண்பிள்ளை தலைமுண்டோடு வெளியே வந்தாள்.

பையன் பொய் சொல்லவில்லை. பருத்தி என்று அவனுக்குத் தெரியும். ஸ்நோ என்று நான் சொன்னேன். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டான். தப்பு என்னுடையது, அதை அங்கேயே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஹெ.மா. சாயங்காலம்: "லாந்தரை வேற ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்லிட்டார். கட்டி வையும். இனி நோட்ஸ் டிக்டேட் பண்ணினாப் போதும். உம்ம விஷயம் அடுத்த வருஷம் பார்ப்போம்."

பெர்மனெண்ட் போனதற்கு ஆத்திரம் வந்தது. லாந்தரை வைக்கோல் வைத்துக் கட்டும்போது வந்தது ஆத்திரம் இல்லை.

31, வெள்ளி

லாந்தர் மாட்டுவண்டியில் போயிற்று. புகைக்குழாயை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்து, வைக்கவில்லை.

நோட்ஸ் சொன்னேன். முப்பத்தெட்டுத் தலையும் குனிந்து எழுதின. பேனாக் கட்டை கீறும் சத்தம். "சந்தேகம் உண்டா?" "நோ சார்." முத்துக்கருப்பன் நிமிரவே இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மெஸ் லீவு. பேச்சு இல்லை. வெயில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பாட்டை நாலு தடவை படித்தேன். மனப்பாடம் ஆகிவிட்டது, வேறு வேலை இல்லாததால்.

4, செவ்வாய்

வகுப்பில் நுழைந்ததும் ஜன்னலை எல்லாம் சாத்தினேன். பையன்கள் சுவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "லாந்தர் இல்லை. படமும் இல்லை. சும்மா உட்காருங்கள்," என்றேன். கதவையும் சாத்தினேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் சொன்னதே சரி, அது பருத்தி. ஸ்நோ எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது. முத்துக்கருப்பன் சொன்னதில் குற்றமில்லை.

பாட்டை ஆரம்பித்தேன். என் உச்சரிப்பு மட்டம். இருட்டில் அது பெரிதாகத் தெரியவில்லை. அவன் வழி தெரியாமல் நிற்கிற இடம் வந்தபோது வராந்தாவில் செருப்புச் சத்தம். ஹெ.மா.தான். பாட்டை நிறுத்தினேன். செருப்பு எங்கள் கதவுக்கு நேரே நின்றது. முப்பத்தெட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தனும் இருமவில்லை.

நகர்ந்தது. படி இறங்கிற்று. நான் இன்னும் வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சுப் பக்கமிருந்து, மெதுவாக, முத்துக்கருப்பன் குரல்:

"பேசுங்க சார். அவரு போயிட்டாரு."