ஒரு வாரம் நீட்டித்த கெடு

மார்ச் 2, திங்கள்

மாநாட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆய்வுச் சுருக்கத்தை இன்றும் வெட்டினேன். இருநூற்றைம்பது சொல்லுக்கு மேல் போனால் அந்த இணையதளம் வாலை நறுக்கிவிடுகிறது. இரண்டு வருஷம் நத்தை வளர்த்த கதையை இருநூற்றைம்பது சொல்லில் எப்படிச் சொல்வது? நத்தையின் அறிவியல் பெயரைச் சாய்வெழுத்தில் போட வேண்டுமாம். போட்டேன். தளத்தில் ஒட்டியதும் நிமிர்ந்துகொண்டது. மறுபடி சாய்த்தேன், மறுபடி நிமிர்ந்தது. நத்தைக்கே இவ்வளவு முதுகெலும்பு கிடையாது.

விஷயம் என்னவோ ஒரே வரிதான். இரவெல்லாம் விளக்கு எரிந்தால் குளத்து நத்தைகள் முட்டையிடுவது குறைகிறது. இதைக் கண்டுபிடித்தவள் குண்டூசி. என்னோடு வேலை பார்க்கிறவள். ஒல்லி என்பதால் வந்த பெயர் இல்லை, ஆள் நல்ல குண்டுதான். தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகளைக் குண்டூசி முனையால் ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டி எண்ணுவாள். கதவோரத் தொட்டிகளில் மட்டும் ஏன் முட்டை குறைகிறது என்று நாங்களெல்லாம் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தோம். நடைவழி விளக்கைக் காவலாளி ராத்திரி அணைப்பதே இல்லை என்று கவனித்தவள் அவள்.

இப்போது அவள் ஊரில், ஆஸ்பத்திரியில். அப்பாவுக்குப் பக்கவாதம். "நீயே எழுதி அனுப்பிடுடி, நான் இருக்கிற இருப்புல நத்தையாவது ஒண்ணாவது" என்றாள் ஃபோனில்.

நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கெடு. போதாக்குறைக்குப் பேராசிரியர் போன வாரம் சொன்னது வேறு மண்டையில் ஓடுகிறது. ஜூலைக்கு மேல் ஆய்வகத்தில் இடம் ஒருத்திக்குத்தான். அவளா நானா என்பதைக் குழு முடிவு செய்யும். இந்த வருஷம் மாநாட்டில் யார் பெயர் வந்திருக்கிறது என்பதை முதலில் பார்ப்பார்களாம்.

மார்ச் 3, செவ்வாய்

அனுப்பிவிட்டேன்.

அவ்வளவுதான் எழுத நினைத்தேன். ஆனால் மூடி வைக்க முடியவில்லை.

எழுதியவர்கள் எல்லாருக்கும் தளம் ஒரு மெயில் அனுப்பும். அவரவர் அதைத் திறந்து 'சம்மதம்' என்பதை அழுத்த வேண்டும். அதுவரை பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருக்கும். சிவப்பு இருக்கும்வரை அனுப்பும் பொத்தான் செத்துக் கிடக்கும். பேராசிரியர் மத்தியானமே அழுத்திவிட்டார். குண்டூசியின் பெயர் சிவப்பாகவே இருந்தது. கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மெயிலா பார்த்துக்கொண்டிருப்பாள்?

அவள் தம்பியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிடவில்லை.

நாலரை மணிக்கு அவள் பெயரை 'நீக்கு' என்று அழுத்தினேன். சிவப்பு போய்விட்டது. பொத்தானுக்கு உயிர் வந்தது. அழுத்தினேன். என் பெயர், பேராசிரியர் பெயர். இரண்டே பெயர், பார்க்கச் சுத்தமாக இருந்தது.

வேறு வழியில்லாமல்தான் செய்தேன். கெடு தாண்டியிருந்தால் மூன்று பேருக்கும் இல்லை. சரிதானே? யாரைக் கேட்கிறேன் நான்?

மார்ச் 4, புதன்

கெடுவை ஒரு வாரம் நீட்டித்துவிட்டார்கள்.

காலையில் பேராசிரியர் அறைக்கு வந்து சிரிக்கிறார். "எந்த மாநாட்டுலம்மா சொன்ன தேதியில கெடு முடிஞ்சிருக்கு? இத்தனை வருஷமா இருக்கே, இது தெரியாதா?"

தெரியும். எங்கள் தொழிலில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அப்படியானால் நேற்று நாலரை மணிக்கும் எனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது.

நல்லவேளை, அடுத்த செவ்வாய்வரை 'திருத்து' பொத்தான் இருக்கிறது. அவளைத் திரும்பச் சேர்க்க ஒரு நிமிஷம் போதும். நாளை சேர்த்துவிட வேண்டும். இன்று தலை வலிக்கிறது.

மார்ச் 5, வியாழன்

அவளே கூப்பிட்டாள். அப்பா கையை லேசாக அசைத்தாராம். "என் கையைப் பிடிச்சார்டி, அமுக்கினார்" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அது பொய்யில்லை.

அப்புறம் கேட்டாள். "அப்ஸ்ட்ராக்ட் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"என் பேர் ரெண்டாவதா இருந்தாலும் பரவாயில்ல, சரியா? நீதான் உக்காந்து எழுதினே."

"ம்."

ம்! நன்றாகச் சொன்னேன்! ஒரு மனுஷி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எனக்கு விட்டுக்கொடுக்கிறாள், நான் ம் என்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

இன்று தளத்தைத் திறக்க நேரமே கிடைக்கவில்லை. (பொய். தொட்டி கழுவுவது அரைமணி வேலை.)

மார்ச் 7, சனி

திறந்தேன். அவள் பெயரை அடித்தும் விட்டேன். கீழே பொடியெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. புதிதாகச் சேர்க்கப்படும் ஒவ்வொருவருக்கும், சேர்க்கப்பட்ட தேதியோடு மெயில் போகுமாம்.

தேதியோடு. ஐந்தாம் தேதியே போய்விட்டது என்று சொன்ன சுருக்கத்தில் ஏழாம் தேதி சேர்க்கப்பட்டாய் என்று வந்தால் அவள் என்ன நினைப்பாள்? முட்டையை முனையால் எண்ணுகிறவள் இதை எண்ண மாட்டாளா?

திருடியதைத் திருப்பி வைக்கப் போனால் வாசலில் மணி கட்டியிருக்கிறது. சேமிக்காமல் மூடிவிட்டேன்.

சேர்த்தால் மாட்டிக்கொள்வேன். சேர்க்காவிட்டால் மாநாட்டுப் புத்தகம் வரும்போது தெரியும், அதற்குள் இடம் எனக்கு வந்திருக்கும். சீ. இதை நான்தான் எழுதினேனா? கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன், இருக்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

அக்காவிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாதி சொல்லும்போதே அவள் கை நின்றுவிட்டது.

"அவ பேரைச் சேர்க்கிறதுல உனக்கு என்னடி வலிக்குது?"

"தெரிஞ்சிடும்க்கா."

"தெரியட்டுமே. நீ செஞ்சதுதானே?"

"இடம் ஒண்ணுதான் இருக்கு. எனக்கும் வேலை வேணும்ல?"

"வேணும்தான். அதுக்கு அவ அப்பா படுத்திருக்கிற நேரம்தான் கிடைச்சுதா உனக்கு?"

அத்தான் பக்கத்து அறையிலிருந்து, "நத்தை மேய்க்கிறதுலயும் அரசியலா!" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா என் சட்டையை மட்டும் மடிக்காமல் என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 9, திங்கள்

தொட்டிகளுக்குக் கீரை போட்டேன். குண்டூசியின் குண்டூசி மேசை ஓரத்தில் கார்க்கில் குத்தியபடியே இருக்கிறது. எடுக்கக் கை வரவில்லை. கண்ணால் எண்ணினேன், இரண்டு தடவை தப்பு வந்தது.

சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். அப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். கஞ்சி குடிக்கிறாராம், நர்ஸைத் திட்டுகிறாராம். "திட்டுறார்னா தேறிட்டார்னு அர்த்தம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"வேற ஏதாவது சொல்லணுமாடி?"

"ஒண்ணும் இல்ல. நீ அப்பாவைப் பாரு."

"சரி" என்றாள்.

வாய் திறந்திருக்கலாம். கேட்டாளே, கேட்டே விட்டாளே! என் நாக்கு என்ன கல்லா?

மார்ச் 10, செவ்வாய்

கடைசி நாள். சேர்த்துவிட்டேன்.

வீரம் எல்லாம் இல்லை. காலையிலிருந்து எதைத் தின்றாலும் இறங்கவில்லை, அதற்காகச் சேர்த்தேன். மூன்றரை மணிக்கு அவள் பெயரை அடித்து, சேமி என்று அழுத்திவிட்டு, எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன். அவளுக்கு ஒரு வரி அனுப்பலாமென்று ஃபோனை எடுத்தேன். 'ஒரு மெயில் வரும், அழுத்திடு' என்று மட்டும் அனுப்பினேன். ஏன் வரும் என்று எழுதவில்லை.

டீ போட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் சிவப்பு போயிருந்தது. அழுத்திவிட்டாள். ஒரு கேள்வி இல்லை. தேதியைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஆஸ்பத்திரி அலைச்சலில் யார் தேதி பார்க்கப்போகிறார்கள்?

தப்பித்தேன் என்று மூச்சு வந்தது. வந்த மறு நிமிஷமே அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். ஆமாம், என் பெயரைத்தான் முதலில் விட்டு வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

சுருக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். சுவரொட்டியாக ஒட்டிவிட்டு நிற்க வேண்டாம், மேடையில் பேசலாமாம். குண்டூசியும் இன்றுதான் திரும்பி வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. வந்ததும் தொட்டிகளைப் பார்த்து, "என் பிள்ளைங்களைப் பட்டினி போட்டுட்டியாடி பாவி" என்றாள். பாவி என்ற சொல்லுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

சொல்லிவிட வேண்டும். இந்த வாரம் கட்டாயம்.

ஏப்ரல் 11, சனி

சொல்லவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

குழு எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டது. மூன்று பேர், அதில் ஒருவர் எங்கள் பேராசிரியர், நீள மேசை, சத்தம் போடும் ஏசி. நடுவில் இருந்த அம்மாள் சுருக்கத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "விளக்குதான் காரணம்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு?"

'நாங்க பேசிக்கிட்டிருந்தப்போ' என்று ஆரம்பிக்கத் தயாராகத்தான் போயிருந்தேன். வாய்க்குள் அந்த வாக்கியம் சுடச்சுட இருந்தது. கண்ணாடி தாண்டி நடைவழி தெரிந்தது. அங்கே நாற்காலியில் குண்டூசி தன் முறைக்காக உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு" என்றேன். "அவளுக்கு மட்டும்தான். நாங்க எல்லாரும் தண்ணி சரியில்லன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம்."

பேராசிரியர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நல்ல காரியம் செய்தால் நிம்மதி வரும் என்கிறார்களே, எங்கே? வேலை போய்விடும் என்ற பயம்தான் வந்தது.

ஏப்ரல் 24, வெள்ளி

அவளுக்குக் கிடைத்தது. ஜூலையோடு எனக்கு முடிகிறது. பேராசிரியர் பள்ளிக்கூடம் ஒன்றில் சொல்லி வைப்பதாகச் சொன்னார், ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல். அக்கா என் சட்டைகளை எல்லாம் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

குண்டூசி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். "நீ எனக்காகப் பேசினியாம், சார் சொன்னார்" என்றாள். ஐயோ, அந்த நிமிஷம் பூமி பிளந்திருக்கக் கூடாதா!

மே 12, செவ்வாய்

இன்னொரு மாநாடு. அதே தளம். விளக்குக்கு மேல் துணி கட்டினால் முட்டை திரும்பக் கூடுகிறதா என்று பார்த்தோமே, அதற்கான சுருக்கம். இந்தத் தடவை குண்டூசிதான் எழுதினாள். மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

"நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரு. பேர் போடணும்."

"நான் ஜூலையில போறவ. எதுக்குடி என் பேர்?"

"எண்ணினது யாரு? உங்க அத்தானா?"

உட்கார்ந்தேன். அவள் தன் பெயரை அடித்தாள், அடுத்து என் பெயரை. என் ஃபோன் மணியடித்தது. 'உங்கள் பெயர் இந்த ஆய்வுச் சுருக்கத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.'

"இரு, வரிசை தப்பு. உன் பேர்தான் முதல்ல வரணும்" என்று சொல்லித் தன் பெயரையும் என் பெயரையும் நீக்கினாள்.

ஃபோன் மறுபடி அடித்தது.

'உங்கள் பெயர் இந்த ஆய்வுச் சுருக்கத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளது.' கீழே தேதி, நேரம்.

நீக்கினாலும் மெயில் போகும். நீக்கிய அந்த நிமிஷமே போகும். அப்படியென்றால் மார்ச் மூன்றாம் தேதி நாலரை மணிக்கு, அவள் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுக்கும் வந்திருக்கிறது. அப்புறம்தான் அத்தனை ஃபோனும். அப்பா கையை அசைத்ததைச் சொன்னாளே, அது. என் பேர் ரெண்டாவதா இருந்தாலும் என்றாளே, அது. வேற ஏதாவது சொல்லணுமாடி.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"ம். அதுக்கும் வரும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "ஏண்டி கேக்கல என்னை? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நானாதானே ஃபோன் பண்ணேன்" என்றாள். "நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னென்னவோ உளறினேன். பயம் என்றேன், இடம் என்றேன், தம்பி நம்பர் இருந்தது என்றுகூடச் சொல்லிவிட்டேன். அழுகையில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. நான் முடிக்கும்வரை அவள் காத்திருந்து, மூக்கைத் துடைக்கத் தொட்டி துடைக்கிற துணியை எடுத்துக் கொடுத்தாள். நத்தை வாடை.

பிறகு என் பெயரை முதலில் அடித்தாள், அதன் கீழே தன் பெயரை. எழுத்து சரியா என்று என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னாள். படித்தேன். சேமித்தாள்.

"அழுத்துடி, சிவப்பா இருக்கு."

மூன்றாவது மெயிலைத் திறந்தேன். இன்றைய தேதிதான் போட்டிருந்தது. சம்மதம் என்பதை அழுத்தினேன்.