போர்வையின் நடுத்துண்டு

வெள்ளவத்தை,
பங்குனி 1992

அன்புள்ள மகள் அருந்ததிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் தம்பியும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். உன் கடிதமும் நீ வெட்டி அனுப்பிய மகசீன் படமும் கிடைத்தன. வீட்டில் எல்லாருடைய பழைய உடுப்பிலும் ஒவ்வொரு சதுரம் வெட்டிச் சேர்த்துத் தைத்த போர்வை வேண்டும், பிள்ளையை அதில் சுற்றித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவர ஆசை என்று எழுதியிருக்கிறாய். நல்ல ஆசைதான். அப்பாவின் நீலக்கோடு போட்ட சேட்டில் ஒரு துண்டு கட்டாயம் வேண்டும் என்று கீழே கோடும் போட்டிருக்கிறாய். அதை வாசித்தபிறகு பதில் எழுதக் கை வரவில்லை, அதுதான் இவ்வளவு பிந்தியது, கோபிக்காதே.

எண்பத்துமூன்று கலவரத்தில் வீடு எரிந்தபோது, தோய்க்க டோபி மாட்டினிடம் போயிருந்த உடுப்பு மூட்டை மட்டும் தப்பியது என்று அப்போது எழுதியிருந்தேன். அப்பாவின் சேட்டும் அதில் இருக்கும் என்று நீ இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறாய், இல்லை பிள்ளை. அப்பா அந்த வருசம் தைமாதம் எங்களை விட்டுப் போனார், உனக்கு வரமுடியவில்லை. அதற்குப் பிறகு மாட்டின் வரும்போதெல்லாம் அவன் சிங்களத்தில் மாத்தயா என்கிற அப்பாவின் உடுப்பையும் தரச்சொல்லிக் கேட்டான், வேர்வையோடு வைத்தால் இத்துப்போகும், ஒருமுறை தோய்த்து அயன் பண்ணித் தருகிறேன், பிறகு எத்தனை வருசமும் வைத்திருக்கலாம் என்றான். நான்தான் கொடுக்கவில்லை. அந்தச் சேட்டில் அவருடைய வேர்வை மணமும் பவுடர் மணமும் அப்படியே இருந்தது, மனம் பொறுக்காதபோது அலுமாரியைத் திறந்து முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். ஆடிமாதம் நடந்தது உனக்குத் தெரியும், திரும்ப எழுதத் தேவையில்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தபோது மாட்டின் எங்களைத் தேடிப்பிடித்து வந்தான், தோளில் எங்கள் மூட்டை, எல்லாம் அயன் பண்ணி மடித்து, ஒன்றுமே நடக்காததுபோல. படுக்கை விரிப்பு, தலையணை உறைகள், என் வீட்டுச்சேலை, தம்பியின் கிரிக்கெட் காற்சட்டை, அவ்வளவும்தான். இல்லை என்று தெரிந்தும் அடிவரைக்கும் கிளறிப் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று மாட்டினுக்குத் தெரியும். கொடுத்திருந்தால் அதுவும் அந்த மூட்டையில் வந்திருக்கும். மணத்தைக் காப்பாற்றப்போய் சேட்டையும் விட்டேன், மணத்தையும் விட்டேன். இத்தனை வருசமாக இதை நினைக்காமல் நான் ஒரு உடுப்புத் தோய்த்ததில்லை.

போர்வையைத் தைப்பது கீழ்வீட்டு ஜவாஹிறா, நல்ல கை, மெசின் பழசுதான். உன் சதுரத்துக்கு நீ பள்ளிக்கூடத்தில் கிளி தைத்த தலையணை உறையை வெட்டினோம், அது இப்போதும் பார்க்க வாத்து மாதிரித்தான் இருக்கிறது, பிள்ளை கேட்டால் நீயே சமாளித்துக்கொள். அப்பாவின் துண்டைப்பற்றிச் சொன்னபோது ஜவாஹிறா பாவப்பட்டு, புறக்கோட்டையில் அதேமாதிரி நீலக்கோட்டுத் துணி கிடைக்கும், மகளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று சொல்லி அரை யார் துணி அளந்து வாங்கி வந்துவிட்டா. அச்சொட்டாக அதேதான். எனக்கும் ஆசை வந்தது, கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் நீ கண்ணை மூடிக்கொண்டு அதை முகத்தில் வைப்பாய், எனக்குத் தெரியும், நானும் அதைத்தானே செய்தேன். யாரோ கடைத்துணியில் உன்னை முகம் வைக்கவிட முடியவில்லை. அதை அவவுக்கே தைக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு மற்றத் தலையணை உறையை வெட்டும்போது மூலையில் கிடக்கிற இந்தக் கறுப்புக் கறையைக் கழித்துவிடவா என்று ஜவாஹிறா கேட்டா. பார்த்தால் அது மாட்டினின் டோபிக் குறி. கலியாணம் முடித்து நாங்கள் இந்த ஒழுங்கைக்குக் குடிவந்தபோது, துணி மாறாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வேண்டும் என்று அவன் கேட்க, அப்பா தன் பேர் பொன்னம்பலத்துக்குப் 'பொ' என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தமிழ் தெரியாத மாட்டின் அதைப் பார்த்துப் போட்டதில் முன்னால் கொம்பும் பின்னால் அரவும் விட்டுப்போய் மூடியில்லாத பெட்டிபோல வெறும் 'ப' வந்தது. அப்பா விழுந்து விழுந்து சிரித்து, அதுவே இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுத் துணி எல்லாவற்றிலும் அதுதான். விருந்தாளிகள் கண்ணில் படாமல் நான் எப்போதும் அந்த மூலையை உள்ளே மடித்துவிடுவேன், அவலட்சணம் என்று மாட்டினோடு எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன். இப்போது அதைத்தான் நடுவில் வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். சேட்டு இல்லை மகள், என்னை மன்னித்துக்கொள், என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

தம்பிக்குக் கொள்ளுப்பிட்டியில் அதே கந்தோரில்தான் வேலை, கலியாணப் பேச்செடுத்தால் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடிவிடுகிறான், நீயாவது எழுதிச் சொல். பாரம் தூக்காதே, பனியில் வழுக்கும், செருப்போடு வெளியே இறங்காதே. வெறும் தேத்தண்ணியோடு காலைச் சாப்பாட்டை முடிக்காதே. நாகேஸ்வரி மாமி சித்திரை வருசத்துக்குப் பிறகு ரொறொன்ரோ வருகிறா, போர்வையை அவவின் கையில் கொடுத்துவிடுகிறேன்.

பிள்ளை சுகமாகப் பிறந்து நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் வாழ அந்தப் பிள்ளையாரும் அப்பாவும் துணை நிற்கட்டும். போர்வை ஊத்தையானால் தாராளமாகத் தோய், நான் செய்த பிழையைச் செய்யாதே. நடுவில் இருப்பதை மட்டும் கறை என்று நினைத்து உரஞ்சாதே பிள்ளை, அது அப்பா.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
பொ. இரத்தினம்மா