வால்வு மூடிக்கு உள்பக்கம்

மே 6, 2023, சனி

இன்று இருந்தவர்கள்: நான், என் மகள் ரோண்டா, பக்கத்து வீட்டு ஸ்டான், ஸ்டானின் நாய். வேறு யாரும் இல்லை. பிற்பாடு எவரும் வந்து தானும் இருந்ததாகச் சொல்ல வேண்டாம். எனக்கு நினைவிருக்கும்.

எங்கள் பழைய கார், செவெல், வழியில் நின்றுவிட்டது. குளிர்காலம் முழுக்கப் போர்த்தி வைத்திருந்து இன்றுதான் வெளியே எடுத்தோம். இருபது நிமிடம் ஒழுங்காக ஓடியது. ரயில் கேட் பக்கம் இருமியது, அப்படியே நின்றது. ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகு ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பியது.

28ஆம் தேதி கல்லறைக்குப் பூ வைக்கிற ஞாயிறு. கென்டக்கிக்கு நாலு மணி நேரம். அம்மா அங்கே. மூன்று வருஷமாக என் கணவர் ஹார்லனும் அங்கே. ரோண்டா தன் காரில் கூட்டிப் போகிறாளாம். வேண்டாம். அம்மாவைப் புதைத்த அன்று இந்த வண்டி இல்லாததால்தான் நான் போகவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தாறு மே மாதம் இதில்தான் போயிருக்கிறேன்.

மே 9

இக்னிஷன் காயில் புதிது போட்டேன். இருபத்திரண்டாம் நிமிடம் நின்றது.

மே 13, சனி

கார்புரேட்டரைக் கழற்றிச் சமையலறை மேசையிலேயே வைத்துக் கழுவினேன். பெட்ரோல் பம்பை ஸ்டான் மாற்றினார். பத்தொன்பது நிமிடம். முன்னைவிட மோசம்.

இந்த எஞ்சினில் என் கை படாத இடம் இல்லை. போன இலையுதிர்காலத்தில் முழுசாகத் துடைத்தேன். பெட்ரோல் குழாய் நெடுக என் துணிக் கிளிப்புகள், மரக் கிளிப்புகள், ஏழு! என் கொடியிலிருந்து ஹார்லன் திருடியவை. கழற்றிக் கூடையில் போட்டேன். நான் தொடாதது எஞ்சின் தலைமேல் இருக்கிற வால்வு மூடி ஒன்றுதான். அதைத் திறக்கிற நாளில் மட்டும் அவருக்குக் காப்பி வேண்டியிருக்கும், என்னை உள்ளே அனுப்பிவிடுவார்.

ரோண்டா மெதுவாகச் சொன்னாள், ஆர்வில் சித்தப்பாவைக் கேட்கலாமே என்று. அந்தப் பெயரை என் வீட்டில் சொல்லாதே என்றேன்.

ஹார்லனின் தம்பி ஆர்வில். 1986 ஜூலை 11, வெள்ளி. அண்ணனைக் கேட்காமல் செவெலை எடுத்துக்கொண்டு போய்ப் பந்தயத்தில் விட்டு எஞ்சினை உடைத்தான். ஹார்லன் வந்து சொன்னார். மறுநாள் காலை பத்து மணிக்கு அம்மாவின் அடக்கம். சொந்தக்காரர்கள் முந்தின நாளே போய்விட்டார்கள். வேறு வண்டி இல்லை. கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாலை வரை சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு போன் வந்தது, மண் போட்டாகிவிட்டது என்று.

அதிலிருந்து அவன் என் வாசல்படி ஏறியதில்லை.

மே 16

எஞ்சின் பக்கம் எண்ணெய் கருகுகிற நாற்றம். பார்த்தால் வால்வு மூடி ஓரத்தில் ஒழுகல். மூடிக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் பட்டை போயிருக்கிறது, அவ்வளவுதான். காப்பி போட என்னை அனுப்ப ஆள் இல்லை. நானே திறந்தேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். எந்த வேலை செய்தாலும் செய்தவன் பெயரையும் தேதியையும் மறைவாக ஓரிடத்தில் கீறி வைப்பார்கள். அடுத்துத் திறப்பவனுக்குத் தெரியவேண்டும் என்று. மூடியைத் திருப்பி எண்ணெயைத் துடைத்தேன். ஹார்லனின் கையெழுத்து. ஒன்றுக்குக் கீழே கோடு போடுகிற அதே கை.

ஜூலை 11, 1986. உடைத்தது நான், ஹார்லன். ஆகஸ்ட் 30, சேர்த்தது ஆர்வில்.

கீழே உட்கார்ந்துவிட்டேன். சிமெண்டுத் தரை. மூடி மடியில்.

உடைத்தது நான். நானா? என்னய்யா எழுதி வச்சிருக்க?

மே 17

ரோண்டா சோள ரொட்டியும் பீன்ஸும் கொண்டுவந்தாள். தொடவில்லை.

மே 18

முப்பத்துநாலு வருஷம். என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறான். ஒவ்வொரு மே மாதமும் அம்மா கல்லறைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருக்கிறான். நான் ஆர்விலைத் திட்டும்போதெல்லாம் தலையை ஆட்டியிருக்கிறான். ஆட்டினானே! நான் பார்த்தேனே.

ஹார்லன் அடக்கத்தன்று ஆர்விலைக் கடைசியில், கோட்டு மாட்டுகிற இடத்தில் நிற்க வைத்தேன். சொந்தத் தம்பியை. அவன் நின்றான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை?

மே 20, சனி

நானே ஆர்வில் வீட்டுக்குப் போனேன். முன்பக்கத்தில் தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தான். கிழவனாகிவிட்டான். மூடியை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தான், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

"இப்படி எழுதினது எனக்கே தெரியாது அண்ணி."

ஏன் பழியை வாங்கிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"அண்ணன் அழுதாரு. தான்தான் உடைச்சதுன்னு தெரிஞ்சா நீங்க விட்டுட்டுப் போயிடுவீங்கன்னாரு. என்மேலன்னா ஒரு மாசம் திட்டுவா, அப்புறம் மறந்துடுவான்னு சொன்னாரு."

"நான் மறக்கிறவளா? அவனுக்கு என்னைத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும் அண்ணி. எனக்குத்தான் தெரியல."

சிரிப்பு வந்தது எனக்கு. அதுதான் எனக்கே அதிர்ச்சி. சிரித்து முடிக்கும்முன் அழுதுவிட்டேன். அவன் நாற்றுத் தொட்டியைத் தள்ளி நான் உட்கார இடம் கொடுத்தான்.

வண்டி எப்படி நிற்கிறது என்று சொன்னேன். பாதியிலேயே கேட்டான், குழாயில் மாட்டின கிளிப்பெல்லாம் இருக்கா என்று. என் கிளிப்பு, நான் எடுத்துவிட்டேன் என்றேன்.

"அது எஞ்சினைச் சேர்த்தப்ப நான் மாட்டினது அண்ணி. எஞ்சின் சூட்டுல பெட்ரோல் குழாய்க்குள்ளயே கொதிச்சு ஆவியாயிடும். மரம் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கும்னு பழைய ஆளுங்க மாட்டுவாங்க. திருடினது அண்ணன், மாட்டினது நான்."

என் வீட்டுக்கு வந்து, புதுக் கேஸ்கெட் வைத்து மூடியை மாட்டினோம். கொடியிலிருந்து ஏழு கிளிப்பு நானே எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஓட்டினோம். நிற்கவில்லை. திரும்பி வந்ததும் அவன் வாசல்படியின் கீழேயே நின்றான். ஏறி வா என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

மே 28, ஞாயிறு

கென்டக்கி. ஓட்டியது நான், பக்கத்தில் ஆர்வில், பின்னால் ரோண்டா. போகவும் வரவும் எட்டு மணி நேரம், ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

அம்மாவுக்கு மூன்று கொத்து வைத்தேன். நடந்ததைச் சொன்னேன், சத்தமாகவே. ஹார்லனுக்கு ஆர்வில் வைத்தான். என் கையில் ஒரு கொத்து மிச்சம் இருந்தது. அதை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

மே 30

மூடியை மறுபடி கழற்றினேன். ஒழுகல் எதுவும் இல்லை. ஆர்வில் காப்பி போட உள்ளே போயிருந்தான், நான்தான் அனுப்பினேன். ஹார்லனின் வரிக்குக் கீழே இடம் இருந்தது. ஆணியால் அழுத்திக் கீறினேன், அடுத்துத் திறப்பவனுக்குத் தெரியவேண்டும்:

மே 28, 2023. ஓட்டியது நான், ஓபல். ஆர்வில்மேல் தப்பில்லை. நான் மன்னிக்காத ஆள் ஹார்லன்.