கிட்டங்கிக்குக் கூரை வந்த வருஷம்

அக்கா,

இன்று காலை எங்கள் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் மதிலுக்குப் பூச்சு வேலை தொடங்கியது. சிமெண்ட் வேண்டாம், பழையபடி கிளிஞ்சல் சுண்ணாம்புதான் வேண்டும் என்று யாரோ உபயதாரர் சொல்லிவிட்டாராம். தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டதும் அது பொங்கிக் கொதித்து ஆவியைக் கக்கியது. மூக்கில் ஏறி நாக்கின் நுனியைச் சுடும் அந்த வாசனை! பால் வாங்கப் போனவன் பாத்திரத்தோடு அங்கேயே நின்றுவிட்டேன். "இன்னா பெரியவரே, ஒதுங்குங்க, கண்ணுல தெறிக்கும்" என்றார் கொத்தனார். சிரித்துக்கொண்டே ஒதுங்கியதால் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சிரிக்காமல் என்ன செய்வது? கண்ணை மூடினால், தலையெல்லாம் சுண்ணாம்பு அப்பிக்கொண்டு, "தோ பாரு தம்பி, ஒரே நாள்ல கெழவி ஆயிட்டேன்" என்று நீ இடுப்பில் கைவைத்து நிற்கிறாய்.

நம்முடைய முதல் சந்திப்பு அப்படிச் சிரிக்கும்படியாக இல்லை. எழுபதுகளின் கடைசி. பழவேற்காடு ஊராட்சியில் நான் எழுத்தர். ஏரிக்கு மேற்கே நெல் விளைகிற கிராமத்திலிருந்து வந்தவன். மீன் கூடை எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போகிறவன். பழைய கடைத்தெருவைச் சீர்படுத்த அரசாங்கத்திலிருந்து ஒரு திட்டம் வந்திருந்தது. கால்வாய், தெருவிளக்கு, கல் தளம், பஸ் நிற்க இடம். ஓவர்சியர் போட்ட வரைபடத்தைப் பிரதியெடுத்து, நான்தான் ஆபீஸ் வாசலில் ஒட்டினேன்.

மறுநாள் நீ அதைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாய். உனக்குப் பின்னால் உங்கள் கோட்டைக்குப்பத்து மாதர் சங்கமே நின்றது. காகிதத்தை என் மேஜைமேல் விரித்து, ஈரம் காயாத விரலை அதில் வைத்தாய்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். ஆனா படத்துல கரை எது, தெரு எதுன்னு தெரியும். நாங்க மீனு விக்கிற எடம் இது. இதுல இன்னா போட்டுகீது?"

"சைக்கிள் நிறுத்தம்."

"நாங்க எங்க கீறோம்?"

நான் குனிந்து தேடினேன். இல்லை என்று தெரிந்தே தேடினேன். கடைசியில், "எனக்குத் தெரியாதும்மா. மேல இருந்து சொல்றத எழுதுறவன் நான்" என்றேன்.

"அப்டியா? அப்போ நான் சொல்றேன், எழுது" என்று சொல்லி, எதிர் நாற்காலியில் குந்திவிட்டாய்.

அன்று எழுதினேன். மனு என்று பெயர். ஆனால் அதோடு விடவில்லையே நீ. உச்சி வெயிலில் என்னை இழுத்துக்கொண்டுபோய்க் கடைத்தெருவில் நிறுத்தினாய். கால்வாய் ஓரம் வரிசையாகப் பெண்கள். மடவையையும் இறாலையும் கூறு கட்டி வைத்து, ஈரச் சாக்கால் மூடி, அந்தச் சாக்கு காயக் காய ஏரித் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு. தலைக்கு மேல் ஒரு ஓலைகூட இல்லை. கடைக்காரர்கள் நாற்றம் என்று புகார் எழுதியிருந்தார்கள்; அந்தப் புகார்களையும் நான்தான் கோப்பில் வைத்திருந்தேன். உங்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டால் தெரு சீராகிவிடும் என்பது எல்லோருடைய எண்ணம். அவ்வளவு தூரம் மீன் வாங்க யாரும் வரமாட்டார்கள் என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

உங்கள் வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய இடிந்த கட்டடம் இருந்தது. அந்தக் காலத்து வியாபாரக் குடும்பம் ஒன்று துணி மூட்டைகளை அடுக்கி வைத்த கிட்டங்கி. மூன்று பக்கச் சுவர் நின்றது. உள்ளே வேலிகாத்தான் முள்ளும் ஒரு தூர்ந்த கிணறும்.

"செவுரு கீது, கெணறு கீது. கூர தான் இல்ல" என்றாய் நீ, வீடு பார்க்க வந்தவள் மாதிரி.

அந்தக் கிட்டங்கியைக் காசிம் பாய் குடும்பம் ஜமாஅத்தின் பொறுப்பில் விட்டிருந்தது. அவர் ஜமாஅத்தின் காரியதரிசி. மீன் நாற்றம் பற்றிய முதல் புகாரில் முதல் கையெழுத்தும் அவருடையது. அதைச் சொல்லி உன்னைத் தடுத்துப் பார்த்தேன். "அப்போ மொதல்ல அவரத்தான் பாக்கணும்" என்று நேரே அவர் வீட்டுக்கு நடந்தாய். நான் பின்னாலேயே வந்தேன், ஏனென்று இன்றுவரை தெரியவில்லை.

பாய் நம்மை உட்காரச் சொல்லி, நன்னாரி சர்பத் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்க பாட்டனார் துணி வச்ச எடம்மா அது. அதுல மீனா?" என்றார்.

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்க தாத்தா தோணியிலதான பாய் உங்க பாட்டனார் துணி கப்பலுக்குப் போச்சு? அப்போ நாத்தம்னு சொன்னாங்களா?"

பாயின் தோள் குலுங்கியது. அப்படியொரு சிரிப்பை அவரிடம் நான் அதற்குமுன் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஜமாஅத்தில் பேசுகிறேன் என்றார். பேசினார். கிணற்றைத் தூர்வார வேண்டும், சாயங்காலம் தரையைக் கழுவிவிட வேண்டும், கிணற்றுத் தண்ணீர் தெருவுக்கே பொது என்ற மூன்று நிபந்தனைகளோடு இடத்தைச் சந்தைக்குத் தரச் சம்மதம் வந்தது.

திரும்பும் வழியில் கேட்டேன், "உன் தாத்தா தோணி நெசமாவே துணி ஏத்துச்சா?"

"யாருக்குத் தெரியும்? ஏத்தியிருக்கும்" என்றாய்.

இடம் கிடைத்தது. கூரைக்கு வழி ஊராட்சியிடம் இருந்தது. அப்போது தேர்தலில் வந்த தலைவர் கிடையாது, வட்டார வளர்ச்சி அதிகாரியான பி.டி.ஓ.தான் ஊராட்சிக்கும் பொறுப்பு. நல்ல மனிதர், ஆனால் விதிப் புத்தகம் இல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்காதவர். "ஊராட்சி, ஜமாஅத், மாதர் சங்கம், மூணு பேர் ஒரே காகிதத்துல கையெழுத்து போடுறதுக்கு நம்மகிட்ட படிவமே இல்லையே" என்று உண்மையாகவே வருந்தினார். நான் வெள்ளைத் தாளில் ஒன்றைத் தயாரித்துக் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதை மூன்று முறை படித்தார். லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்களும் தோணி ஏறி வந்து இங்கேதான் விற்கிறார்கள், அவர்களும் ஒப்புக்கொண்டால் கையெழுத்திடுகிறேன் என்றார். அந்த வாரத்துக்குள் முடியாவிட்டால், திட்டத்தில் ஒதுக்கியிருந்த கூரைத் தகடுகள் வேறு ஊருக்குப் போய்விடும்.

கூட்டம் கிட்டங்கிக்குள்ளேயே நடந்தது. முள்ளை வெட்டி ஒதுக்கிய இடத்தில் இரண்டு குப்பத்துப் பெண்களும் இரண்டு பக்கமாக உட்கார்ந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது, வாசல் பக்கம் யார் உட்காருவது என்ற பேச்சு வரும் வரைக்கும். வாசலில் உட்காருகிறவளுக்குத்தானே முதல் வியாபாரம்! "எங்க ஊரு மண்ணு" என்றார்கள் உன் பக்கத்தார். "நாங்க தண்ணி தாண்டி வரோம், உள்ள போயி குந்தணுமா?" என்றார்கள் அவர்கள். சத்தம் ஏறியது. ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எழுந்தவளை இழுக்கப்போய் இன்னொருத்தியின் முந்தானை கிழிந்தது. காசிம் பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். பி.டி.ஓ. கோப்பின் நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். அந்த முடிச்சு விழுந்தால் கோப்பு மூடியது மூடியதுதான் என்று பயந்துபோனேன். இத்தனை நடையும் வீணா?

நீ மட்டும் கத்தவில்லை. எல்லோரும் மூச்சு வாங்க நின்ற ஒரு நொடிக்காகக் காத்திருந்தாய். அப்புறம் எழுந்தாய்.

"ஏரியில நம்ம ஆம்பளைங்க எப்டி வலை போடுறாங்க? நல்ல எடத்த ஒருத்தரே புடிச்சிகினு குந்திகினாங்களா?"

"ஏது, அப்டி வுட்ருவாங்களா?" என்றாள் முந்தானை கிழிந்தவள்.

"பாடு தான? இன்னிக்கு உன் மொற, நாளைக்கு என் மொற. தண்ணிக்கு ஒரு நாயம், தரைக்கு ஒரு நாயமா? வாரத்துக்கு ஒரு வாட்டி எடம் மாறட்டும். வாசல்ல குந்துனவ அடுத்த வாரம் உள்ள போவட்டும், உள்ள கீறவ வெளிய வரட்டும். கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ்னு பேச்சே வாணாம்."

லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம், கூடையோடு எழுந்து நின்றவள்தான் முதலில் சிரித்தாள். "அதான! இத மொதல்லயே சொல்லியிருந்தா இவ பொடவ கிழிஞ்சிருக்காதே!" கிட்டங்கியின் பழைய சுவரெல்லாம் எதிரொலிக்கச் சிரிப்பு.

"பாடுன்னா என்ன?" என்று பி.டி.ஓ. கேட்டார். விளக்கியது நீயும் அல்ல, நானும் அல்ல, காசிம் பாய். ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது என்று, தன் வீட்டுப் பெருமையைச் சொல்வதுபோல் சொன்னார். பி.டி.ஓ. யோசித்தார். "விதியில இதுக்கு இடம் இல்லையே."

"தடையும் இல்லீங்க சார்" என்றேன்.

என் உத்தியோக காலத்தில் மேலதிகாரியிடம் நான் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், நாடாவை அவிழ்த்தார். 'ஏரிப் பாடு முறைப்படி வாரந்தோறும் இடம் மாற்றிக்கொள்ளப்படும்' என்று நான் எழுதினேன். நீ உரக்கப் படிக்கச் சொன்னாய். படித்தேன். இரண்டு குப்பமும் கைதட்டியது. நீ பெருவிரலை உருட்டி வைத்தாய். அன்றைக்குத்தான் என்னைச் 'சார்' என்பதை விட்டுத் 'தம்பி' என்றாய்.

அதற்குப் பிறகான மாதங்களைப் போல நான் என் வாழ்வில் அனுபவித்து வேலை செய்ததில்லை. ஊராட்சி தகடும் கொத்தனார்களும் தந்தது. பாய் தன் வீட்டுக் கொல்லையில் கிடந்த தேக்கு உத்தரங்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார். நீங்கள் ஏரியில் இறங்கிக் கூடை கூடையாகக் கிளிஞ்சல் வாரி வந்தீர்கள்; சூளையில் சுட்டு, தொட்டியில் நீற்றி, இடிந்த நாலாவது சுவரை எழுப்பினோம். ஆமாம், எழுப்பினோம். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாந்து சட்டி தூக்கினேன். கிணற்றில் தண்ணீர் ஊறிய அன்று பாய் முதல் வாளியை இறைத்து உன் கையில் ஊற்றினார். நீ குடித்துவிட்டு, "சோக்கா கீது பாய்!" என்று கத்தியது கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

திறப்பு விழாவை மறக்க முடியுமா? பி.டி.ஓ. பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி, கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு, நான் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்க் காத்திருந்தேன். அவர் வர மத்தியானம் ஆகிவிட்டது. அழைத்துக்கொண்டு வந்தால், ரிப்பனைக் காணோம். சந்தை களைகட்டி நடந்துகொண்டிருக்கிறது. கூறு கூறாக மீன், கூச்சல், பேரம்.

"ரிப்பன் எங்கக்கா?" என்று நான் பல்லைக் கடித்தேன்.

"இன்னா பண்ண சொல்ற தம்பி? நண்டு எம்மா நேரம் சும்மா குந்தியிருக்கும்? கால கட்ட கயிறு பத்தல" என்று கூடையைக் காட்டினாய். உள்ளே ஒவ்வொரு நண்டும் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு கண்ணை உருட்டியது.

நான் செத்தேன் என்று நினைத்தேன். பி.டி.ஓ. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அந்த மனிதருக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ஒரு நண்டின் ரிப்பன் நுனியை மட்டும் லேசாக வெட்டி, "சந்தையைத் திறந்து வைக்கிறேன்" என்றார். அந்தக் கூடை நண்டு முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார். பேரம் பேசிப் பார்த்தார். நீ ஒரு பைசா இறங்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ திட்டம். நாம் பார்த்துக்கொள்வது குறைந்தது. நீ போன செய்தி பதினாறாம் நாளும் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. காசிம் பாயின் மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். வந்தேன், அக்கா. உன் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் சந்தைக்கு நடந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்தவள் எனக்குத் தெரியாத பெண். "எந்த ஊரும்மா?" என்றேன். "லைட்ஹவுஸ் குப்பம். இந்த வாரம் எங்களுக்கு வாசப் பாடு" என்றாள். யார் வைத்த ஏற்பாடு என்று கேட்டேன். "யாரு வச்சாங்களோ, அது எப்பவும் அப்டித்தான்" என்று மீனை அரிந்தாள். உன் பேரைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அந்தப் பதில் உனக்குப் பிடித்திருக்கும்.

என்னிடம் நீ விட்டுப்போனது ஒன்று இருக்கிறது. அன்று கிட்டங்கியில் எல்லோரும் கத்தியபோது நான் நடுங்கினேனே, அந்த நடுக்கம் பிறகு எனக்கு வரவே இல்லை. கத்துகிறவர்கள் விட்டுப் போய்விடவில்லை, இன்னும் நம்மோடுதான் இருக்கிறார்கள் என்று உன்னைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். வாய் திறக்காமல் தலையாட்டிவிட்டு எழுந்து போகிற கூட்டம்தான் எனக்குப் பயம்.

போன வாரம் எங்கள் பகுதிக் குளத்தைச் சீர்படுத்துவது பற்றி, குடியிருப்போர் சங்கமும் நகராட்சியும் சேர்ந்து கூடினோம். படித்துறை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று தொடங்கி இரண்டு தெருக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மேஜையைத் தட்டினார்கள், ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நகராட்சிப் பொறியாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. காகிதங்களைப் பையில் திணித்தபடி, "நான் இன்னொரு நாள் வரேங்க" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"இருங்க சார். இப்பதான் ஆரம்பிச்சுகீது."