கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு எந்த டயர்

தம்பி,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பா தூங்கிய பிறகுதான் பேனாவைத் தொட முடிகிறது. தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கையைத் தூக்கி என் முகத்தின்மேல் போட்டாள். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய கை. ஆனாலும் ரப்பரும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை அதிலிருந்து போகவில்லை. உன் வண்டியின் பழைய டயர்கள் இரண்டும் இன்று மத்தியானத்திலிருந்து முன்வாசலில் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. சாயங்காலம் முழுக்க அவளுக்கு அதுதான் விளையாட்டு.

வண்டிக்குப் புது டயர் போட்டாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சனிக்கிழமை உன் மச்சான் அதில் கிளம்புகிறார். நீ போனில் விரலால் இழுத்து இழுத்துக் காட்டுவாயே, அதே வழி. கட்டுமாவடியில் கடலைப் பார்த்துவிட்டு, கன்னியாகுமரியைச் சுற்றி, மேற்குக் கரையோரமாகவே ஏறி, குஜராத்தில் அந்த வெள்ளை உப்பு வெளி வரைக்கும். கூட அவருடைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். நானும் போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டேன். பாப்பா ரெண்டு தும்மல் போட்டாலே டாக்டருக்குப் போன் போடுகிறவள் நான். உனக்குத் தெரியாததா?

வண்டியை நீ முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? அரபு நாட்டிலிருந்து லீவில் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தெருவே வேடிக்கை பார்க்க, கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தாய். உயரமான வண்டி. முன்னால் மட்கார்டு கொக்கு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஆரத்தித் தட்டோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடா இது, ஒட்டகமாட்டம் ஒசந்து நிக்குது?"

"அங்க இத்தன வருசம் இருந்தும் ஒட்டகத்துல ஏறலம்மா. அதான் இங்க ஏறிக்கிறேன்."

"ஏறுறது இருக்கட்டும். கால் தரையில எட்டுமா ஒனக்கு?"

எட்டவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நின்றாய். நான் சிரித்தேன். "அக்கா, இது டூரிங் வண்டி. நிக்கிறதுக்கு வாங்கல, போறதுக்கு வாங்குனது" என்றாய்.

அடுத்த வாரமே கம்பெனி டயரைக் கழற்றிவிட்டுப் பட்டன் டயர் போட வேண்டும் என்று ஆரம்பித்தாய். புதுக்கோட்டைக் கடைக்கு நானும் வந்தேன். பாப்பா அப்போது வயிற்றில். கட்டை கட்டையாக ரப்பர் பிதுங்கிக்கொண்டிருந்த அந்த டயரைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. அது மண்ணைக் கவ்வும், சேற்றைக் கிழிக்கும், சரி. ஆனால் தார் ரோட்டில் பட்டன்களின் தலை மட்டும்தானே படும்? மழை பெய்து நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தால்? கடை வாசலிலேயே உன்னோடு சண்டை போட்டேன்.

"இங்கேருந்து குஜராத் வரைக்கும் தார் ரோடுதான்டா. கடைசியில கொஞ்ச தூரந்தான் மண்ணு. அந்தக் கொஞ்ச தூரத்துக்காக வழியெல்லாம் பட்டன் டயர்லயா போவ?"

நீ டயரை உருட்டிப் பார்த்துக்கொண்டே நிமிராமல் சொன்னாய். "அந்தக் கொஞ்ச தூரத்துக்குத்தானக்கா போறதே."

அதோடு சண்டை முடிந்தது, நீ நினைத்ததையே போட்டாய்.

பட்டன் டயர் போட்ட பிறகு வண்டிக்கு ஒரு சத்தம் வந்தது. தார் ரோட்டில் வேகமெடுத்தால் வண்டுக்கூட்டம் பறப்பதுபோல ஓர் உறுமல். "இந்தா, பைபாஸ்ல திரும்பிட்டான்" என்று அம்மா தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள். நீ உள்ளே வரும்போது முதல் தோசை தட்டில் இருக்கும். அதையும் நான் கேலி செய்திருக்கிறேன். டயர் பேசுகிறது, அம்மா கேட்கிறாள் என்று.

ஒரு லீவுக்குத்தான் ஓட்டினாய். கட்டுமாவடிக்கும் வல்லத்திராக்கோட்டைக்கும் போய் வந்ததோடு சரி. இன்னும் ஒரே ஒரு கான்ட்ராக்ட், முடித்துவிட்டு வந்து மச்சானும் நானும் கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனாய். வெயிலில் வேலை பார்த்த இடத்திலேயே மயங்கி விழுந்தாய் என்று போன் வந்தது. பெட்டியில் வந்தாய். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

வண்டி முன்வாசலில் நின்றது. விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது அம்மா காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. மாதத்துக்கு ஒருமுறை உன் மச்சான் ஸ்டார்ட் செய்து தெருமுனை வரை ஓட்டிவிட்டு வருவார். மற்றபடி அது அம்மாவின் வண்டி. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, விளக்கேற்றி முடித்ததும் பழைய வேட்டித் துணியோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். டேங்கைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, கடைசியாக டயர். டயருக்குத் தேங்காய் எண்ணெய். ஒவ்வொரு பட்டனாக, குழந்தைக்குத் தடவுகிற மாதிரி. நேற்றுத்தான் கடையிலிருந்து வந்ததுபோல டயர் கருகருவென்று மின்னும். பக்கவாட்டில் புது டயருக்கே உரிய ரப்பர் முடிகள்கூட உதிராமல் அப்படியே நின்றன. வருகிறவர்கள் எல்லாரும் "புள்ள வண்டிய எம்புட்டு நல்லா வச்சிருக்கீக" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன மாதம் உன் மச்சான் லீவு கிடைக்கும்போல இருக்கிறது, போய்ட்டு வரட்டுமா என்று கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். நான் கையிலிருந்த துணியை மடித்து முடித்தேன். பிறகு, "போங்க. ஆனா டயர் மட்டும் நான் சொல்றதுதான்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அது புதுசாத்தானே இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை பாப்பா உள்ளங்கை இரண்டும் கறுப்பாக ஓடி வந்தாள். வெறும் அழுக்காக இல்லை. பிசுபிசுவென்று, மை மாதிரி. ரப்பரே கையோடு வந்திருந்தது. போய் உட்கார்ந்து ஒரு பட்டனை நகத்தால் அழுத்தினேன். மேல்தோல் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. அடுத்த பட்டனை அசைத்தேன். அடியில் மெல்லிசாக ஒரு விரிசல் வாய் திறந்தது. எண்ணெயில் ரப்பர் ஊறும் என்பதைக் கெமிஸ்ட்ரி லேபில் நானே கையால் செய்து பார்த்திருக்கிறேன். படித்த படிப்பு அந்த நிமிடம்தான் பயன்பட்டது. அதுவும் இப்படி.

அம்மாவிடம் டயர் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"எதுக்கு? அவன் ஆசையா வாங்கிப் போட்டதுடி அது. வேற என்ன வேணா மாத்துங்க, அதுல மட்டும் கை வைக்காதீக."

"அம்மா, அது ஓட்டுறதுக்கு ஆகாதும்மா."

"முடிகூட உதிரல, ஆகாதுங்குற. புது டயரு அந்தச் சத்தம் போடுமா?"

உன் மச்சான் நடுவில் வந்தார். "விடு. அயித்த மனசு நோவ வேணாம். நான் மெதுவா, பாத்து ஓட்டிக்கிறேன்." எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? நல்ல மனுஷர்கள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டே ஒரு உயிரை ரோட்டில் போட்டுவிடுவார்கள் போலிருந்தது. எண்ணெய்தான் கெடுத்தது என்று சொன்னால் அம்மா உடனே ஒப்புக்கொள்வாள். ஆனால் அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையில் நிம்மதியாக உட்காருவாள்? அவளுக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வேலைதான். அதனால், "டயருக்கும் வயசு உண்டும்மா. ஓடாம நின்னாலும் ரப்பர் கெட்டுப்போயிரும்" என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப நானும் வாரேன் கடைக்கு. எதப் போடுறீகன்னு பாக்கணும்" என்றாள்.

இன்று காலையில் அம்மாவும் நானும் பாப்பாவும் பஸ்ஸில் போனோம். உன் மச்சான் வண்டியைத் தானே ஓட்டிவர நான் விடவில்லை. மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். கடைக்காரர் முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, டயரில் கையை ஓட்டிப் பார்த்தார். விரலை மோந்தும் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"என்னங்க இது, எண்ணெயா போட்டிருக்கு? ஐயய்யோ! ரப்பருக்கு எண்ணெ ஆகவே ஆகாதுங்க. ஊற வச்சுத் தின்னுரும். எந்தப் புண்ணியவான் செஞ்ச வேல இது?"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரைப் பார்த்தே சொன்னாள்.

"வீட்டுல ஒருத்தி இருக்கா. வெவரம் தெரியாதவ."

"சொல்லி வைங்க ஆத்தா அவங்ககிட்ட."

"சொல்லிர்றேன்."

கடைக்காரர் மூன்று டயர்களை எடுத்துப் போட்டார். ஒன்று ரோட்டு டயர், வழவழப்பாக, மெல்லிய கோடுகளோடு. ஒன்று நீ போட்ட மாதிரியே பட்டன். நடுவில் ஒன்று, பாதிக்குப் பாதி. கட்டைகள் இருந்தாலும் நெருங்கி, தட்டையாக, நடுவில் தாரில் படுவதற்கு அகலமாக. "அட்வெஞ்சர் வண்டிக்குப் பட்டன்தாங்க கெத்து" என்றார். உன் மச்சான் பட்டனைப் பார்த்த பார்வை அப்படியே நீ பார்த்த பார்வை.

அம்மா குனிந்து மூன்றையும் தொட்டுப் பார்த்தாள். "மாப்ள, கடைசியா போற எடம் மணலா, சேறா?"

"உப்பு மண்ணு அயித்த. காஞ்சிருந்தா ஓடாட்டம் கெட்டியா இருக்கும். நனஞ்சா சேறு."

"அவன் அங்கிட்டுப் போவணும்னுதான் ஆசப்பட்டான். நீங்க போயிட்டு வரணும்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி. ஒன் புருசன், ஒன் பேச்சு."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பட்டனைச் சொன்னால் கேரளத்து மழையில் அவர் வழுக்குவது கண்ணில் தெரிந்தது. ரோட்டு டயரைச் சொன்னால், உப்பு வெளியின் விளிம்பு வரை போய், வண்டியை நிறுத்திவிட்டு, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவார். அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, தம்பி. பயம் என் பக்கம் நின்றது, நீ எதிர்ப்பக்கம் நின்றாய். நடுவில் கிடந்ததைக் காட்டினேன். முன்னும் பின்னும் அதே.

பாதி என்றால் இரண்டிலும் பாதிதானே அக்கா என்று நீ கேட்பாய். தெரியும். பிள்ளை பிறந்த பிறகு எனக்கு எதுவுமே முழுசாக அமையவில்லை. தூக்கம் பாதி, சாப்பாடு பாதி, தைரியமும் பாதி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் பொழுதை ஓட்டுகிறேன், ஓடத்தான் செய்கிறது. மழையில் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறேன். உப்பு மண்ணை எட்டியதும் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறேன், அப்போது அகலமாகப் படிந்து மண்ணைப் பிடிக்கும். புது டயர் முதலில் வழுக்கும் என்பதால் நாளைக்கும் மறுநாளும் கட்டுமாவடிக்குப் போய் வந்து அதைப் பழக்கப்போகிறார்.

பழைய டயரைக் கடையில் போட்டுவிட்டு வர அம்மா சம்மதிக்கவில்லை. அதையும் மினி லாரியிலேயே ஏற்றினோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"வயசாயிருச்சுன்னு சொன்னியே, அது நெசமா?"

"நெசந்தாம்மா. அதுவுந்தான்."

"அதுவுந்தான்" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அழவில்லை. கொஞ்சம் கழித்து, "இனிமே வெறுந்துணி போதும்ல?" என்றாள். போதும் என்றேன். என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

நீ போன பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் கண் டயருக்குத்தான் போகிறது, ஓட்டுகிறவர் முகம் அப்புறம்தான். பாப்பாவின் ஸ்கூல் வேன் வந்து நின்றால் குனிந்து நாலு டயரையும் பார்க்காமல் அவளை ஏற்றுவதில்லை. மற்ற அம்மாக்கள் சிரிக்கிறார்கள். டிரைவர் அண்ணன் "என்னம்மா, இன்னைக்கி பாஸா பெயிலா?" என்று கேட்கிறார். அவர்களுக்கு அது என் பயமாகத் தெரிகிறது. பயம்தான். ஆனால் நீ அந்தக் கடை வாசலில் டயரை உருட்டி உருட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாயே, அந்த ஆசையும் அதில் பாதி இருக்கிறது. இரண்டையும் என்னால் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. பிரிக்கவும் வேண்டாம் என்று இப்போது படுகிறது.

சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்புகிறார். நான் எடுத்த டயர் அந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்தைத் தாங்குமா? சீக்கிரம் பதில் போடு.

அக்கா