அழும் பிள்ளைக்கும் அழைப்பு மணிக்கும் தனித்தனிப் பெயர் வேண்டி

அனுப்புநர்:
ரட்கா வொன்ட்ரோவா,
மின்பலகை வடிவமைப்பாளர்,
காது கேளாதோருக்கான விளக்குப் பெட்டிப் பட்டறை,
பிர்னோ, செக் நாடு.

பெறுநர்:
பொறுப்பாளர் அவர்கள்,
எல்இடி விளக்கு இயக்கிகள் பிரிவு,
திறந்த இயங்குதளத் திட்டம்.

பொருள்: வன்பொருள் விவரக் கோப்பில் விளக்குகளுக்குப் பெயரிடும் விதி – பட்டியலில் இரண்டு பெயர்களைச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

விளக்கைப் பொருத்துவது எளிது, அதற்குப் பெயர் வைத்துத் தங்களிடம் ஒப்புதல் வாங்குவதுதான் பிரசவம் என்று எங்கள் பட்டறையில் சொல்வதுண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பணிவுடன் சொல்கிறேன்.

1. நிறமும் வேலையும் சேர்ந்ததே விளக்கின் பெயர், வேலையைப் பட்டியலில் உள்ள சொல்லால்தான் குறிக்க வேண்டும் என்ற தங்கள் விதியை நான் மதிக்கிறேன். விதி இல்லாத காலத்தில் ஒருவர் நிறுவனத்தின் பெயரை வைத்தார், இன்னொருவர் காதலியின் பெயரை வைத்தார். எது எதற்கு எரிகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

2. எங்கள் பெட்டியில் இரண்டு விளக்குகள். வாசலில் மணி அடித்தால் ஒன்று எரியும். பிள்ளை அழுதால் மற்றது. பகலிலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதால் இரண்டும் வெள்ளை. ‘அழைப்பு மணி’, ‘அழும் பிள்ளை’ என்று எழுதி அனுப்பினோம். பட்டியலில் இல்லை, பொதுவாக ‘அறிவிப்பு’ என்று வையுங்கள் என்றீர்கள். வைத்தோம். இரண்டுக்கும் ஒரே பெயராகிவிட்டதால், கோப்பில் முதலில் வருவதற்கு வெறும் பெயரையும் அடுத்ததற்கு வாலில் ஓர் எண்ணையும் இயங்குதளமே போட்டுக்கொண்டது. எங்கள் நிரலும் அதைப் பார்த்தே ஒப்பேற்றியது.

3. பிறகு, விளக்குகளை இணைப்பு எண் வரிசையில் அடுக்கி எழுதும்படி தங்களிடமிருந்து குறிப்பு வந்தது. நியாயமான குறிப்புதான். என் சக ஊழியர் ஓல்ட்ரிச் மேலே இருந்ததைக் கீழே இறக்கினார். முதலில் வருவது மாறியதும் பெயர்களும் கைமாறின; எங்கள் நிரலுக்கு அது தெரியாது. கோப்பு பார்க்க அழகாக இருந்தது. தாங்கள் ஒப்புதல் அளித்தீர்கள். நாங்கள் புதுப்பிப்பை அனுப்பிவிட்டு பீர் குடிக்கப் போனோம்.

4. எங்கள் வாடிக்கையாளர் யிட்கா என்பவர் காது கேளாதவர். மத்யேய் என்ற கைக்குழந்தையின் தாய். அன்று முதல் பிள்ளை அழும்போதெல்லாம் அவர் ஓடிப்போய் வாசற்கதவைத் திறந்தார். மணி அடித்தபோதெல்லாம் தூங்கும் பிள்ளையைத் தூக்கித் துணி மாற்றினார். பிள்ளைக்கும் தூக்கம் போயிற்று. ஒருநாள் அப்படித் திறந்தபோது, மாடிப்படியில் தபால்காரர் வந்துகொண்டிருந்தார். “என்னம்மா, மணி அடிச்சா வரமாட்டேங்கிறீங்க, அடிக்காதப்ப ஓடி வந்து நிக்கிறீங்க!” என்று சிரித்தவருக்கு உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டிருக்கிறது. உடனே இரு கைகளையும் தொட்டில்போல ஆட்டிக் காட்டினார். யிட்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு வந்த செய்தி: “உங்க பெட்டிக்குப் பைத்தியமா, இல்ல எனக்கா?”

5. ஓல்ட்ரிச் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஒழுங்கா அடுக்கச் சொன்னாரு, அடுக்கினோம். இப்ப ஒரு வீடே தலைகீழா நிக்குது” என்றார். நேரில் போய்ச் சரிசெய்தோம். அடுத்த புதுப்பிப்பு அந்தத் திருத்தத்தை அழித்துவிட, வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறியது. இந்த முறை யிட்கா சண்டை போடவில்லை. தாளில் எழுதிக் காட்டினார்: “எந்த விளக்கு எதுன்னு இனி நான் நம்ப மாட்டேன். பெட்டியிலேருந்து மணியோட இணைப்பைக் கழட்டிடுங்க. எது எரிஞ்சாலும் பிள்ளைன்னு ஓடிடறேன்.” கழற்றிக் கொடுத்தோம்; இப்போது மணி அடிக்கும், விளக்கு எரியாது. எனக்கு அழுகை வந்தது, ஐயா.

6. எண் போட்டுக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். போடலாம். எங்கள் பெட்டியில் எண் 1 மணியாக இருக்கும், அடுத்தவர் பெட்டியில் எண் 1 பிள்ளையாக இருக்கும். இதைத் தவிர்க்கத்தானே பட்டியலே போட்டீர்கள்?

7. போன ஞாயிறு யிட்காவின் தங்கை ஓலொமௌட்ஸ் ஊரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். யிட்கா உள்ளே பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். இணைப்பைக் கழற்றிய சேதி தெரியாத தங்கை வெகுநேரம் மணி அடித்துவிட்டு, கசகசா வைத்த ரொட்டிப் பையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு ரயிலேறிவிட்டார். கைப்பேசியில் செய்தி கிடந்தது: “அக்கா, என் மேல கோவமா? உள்ளதான் இருக்கே, தண்ணி ஓடுற சத்தம் கேக்குது.”

எனவே, மேற்கண்ட இரண்டு பெயர்களையும் பட்டியலில் சேர்த்து, இத்துடன் இணைத்துள்ள திருத்தத்தை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுத்து, வரிசை, இடைவெளி எதில் பிழை இருந்தாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்புகிறேன். அந்தத் தங்கை அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் மணி அடிக்கும்போது உள்ளே விளக்கு எரிய வேண்டும்.

இடம்: பிர்னோ
நாள்: மார்ச் 12

இப்படிக்கு,
தங்கள் ஒப்புதலை எதிர்நோக்கும்,
ரட்கா வொன்ட்ரோவா