மாடியில் மட்டும் வரும் முகம்

செல்ல மகளுக்கு,

இந்த ஊர் நெட் உனக்குத் தெரியாததல்ல. மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்தான் உன் முகம் வரும். அதுவும் பாதியில் உறைந்துவிடும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிவந்து பேசவைத்தபோது, "என்னப்பா, விட்டு விட்டுக் கேக்குது, ஒண்ணுமே புரியல" என்றாய். "பாழாப்போன நெட்டுடி" என்று நானும் சொல்லிவிட்டேன்.

அன்று நெட் நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு முந்தின வாரம், பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. டவுன் டாக்டரை வீடியோவில் பிடித்தேன். "கையத் தூக்கச் சொல்லுங்கம்மா" என்றவரின் படம் அப்படியே நின்றுவிட்டது. போனைத் தூக்கிக்கொண்டு மாடி முழுக்க அலைந்தேன். கடைசியில் வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, அப்பாவுக்குப் பேச்சு இனி அவ்வளவுதானாம்.

உன் பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். போனில் சொல்லவும் வாய் வரவில்லை.

நான் நெட்டின் மேல் பழி போட்டபோது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று, "பாப்பாவப் பாக்கலாம், மாடிக்கு வாங்க" என்றேன். போனை என் கையிலிருந்து வாங்கிக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உன் அம்மா